எச்சில் படாமல்

குடிக்க வேண்டும், அவ்வளவுதான். சமைக்க வேண்டாம், பாத்திரம் துலக்க வேண்டாம், வாசலில் வந்து நிற்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டாம், ஆவுடையம்மாளுக்கு இன்றைக்கு ஒரே வேலை, பச்சைத்தண்ணீரைக் குடித்து அதை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். பிறந்த குழந்தை செய்கிற வேலை. தெருநாய் செய்கிற வேலை. அது அவளால் முடியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல், ஸ்டூலின் மேல் எவர்சில்வர் டம்ளர், அதில் விளிம்பு வரைக்கும் தண்ணீர். அதைப் பார்க்கவே பிடிக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சவம், பார்க்காவிட்டால் மட்டும் போய்விடுமா, அது அங்கேதான் இருக்கிறது என்று முதுகுக்குத் தெரிகிறதே. மத்தியானச் சாப்பாடு முடிந்து தெரு அடங்கிவிட்டது. எதிர்வீட்டில் மட்டும் எவளோ வெங்காய வடகம் வறுக்கிறாள், இந்நேரத்தில் என்ன வடகம், வேண்டுமென்றே வறுக்கிறாள், ஆவுடைக்கு ஆகாது என்று தெரிந்துதான் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வறுக்கிறாள். அந்த வாசனைக்கே ஒருகாலத்தில் இரண்டு கை சோறு கூட இறங்கும். இப்போது மூக்குக்குள் நுழைந்து நேரே அடிவயிற்றைப் போய்ப் பிடிக்கிறது. கர்ப்பப்பையில் ஒரு கட்டி. அதைக் கரைக்க வாரம் ஒரு தடவை கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றுகிறார்கள், தினமும் மிஷினுக்குக் கீழே படுக்கவைத்துக் கரண்டு வைக்கிறார்கள், மருந்து கட்டியைக் கரைக்கிறதோ இல்லையோ ஆளைக் கரைக்கிறது. நாளைக் காலையில் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பார்கள். "தண்ணி போகலேன்னா கிட்னி தாங்காதும்மா, மருந்து ஏத்த முடியாது" என்று டாக்டர் சொன்னான். போன வாரம் அப்படித்தான் ஆயிற்று. ரத்தத்தில் என்னவோ ஏறிவிட்டது என்று மருந்தை நிறுத்திவிட்டு உப்புத்தண்ணீர் பாட்டிலை மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். "இந்த வாட்டியும் இப்படி இருந்துச்சுன்னா இந்த மருந்த விட்டுர வேண்டியதுதான். வெறும் கரண்டு அந்த அளவுக்குக் கேக்காது." போனைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான், அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னால் அவன் கிரீடம் கீழே விழுந்துவிடும். கேட்காதாம். அவள் சொன்னதை எதுதான் கேட்டிருக்கிறது. நாளைக் காலைக்குள் தண்ணீர் உள்ளே போயாக வேண்டும்.

கோயில் மணி அடித்தது. கோயில் எங்கே இருக்கிறது இங்கே, அவள் தண்ணீர் குடிக்க வீட்டுக்காரர் போனில் வைத்திருக்கிற அலாரம். உலகத்தில் எத்தனையோ சத்தம் இருக்க இதைப் போய்ப் பிடித்து வைத்திருக்கிறார், சாயரட்சை பூசைக்கு நடை திறந்த மாதிரி டணார் டணார் என்று, இனி ஆயுசுக்கும் எந்தக் கோயிலுக்குள் போனாலும் அவளுக்கு வாந்திதான் வரும். செருப்பைத் தேய்த்துக்கொண்டு குற்றாலிங்கம் வந்தார். "ஏளா, மணி அடிச்சுட்டு." "காது கேக்கு." "ஒரு டம்ளர்தான. எந்திரி. மடக்குமடக்குன்னு ஒரே மூச்சுல உள்ள தள்ளிரு, அதுக்கு யோசிக்க நேரம் குடுக்கப்பிடாது." எதுக்கு யோசிக்க நேரம் கொடுக்கக் கூடாது, தண்ணிக்கா, வயித்துக்கா. கூட்டுறவுப் பண்டகசாலையில் காலமெல்லாம் மண்ணெண்ணெய் அளந்த மனுஷன், இப்போது பெண்டாட்டிக்குத் தண்ணீர் அளக்கிறார், குனிந்து டம்ளரின் மட்டத்தைப் பார்க்கிற பார்வையில்கூட அந்தப் பீப்பாய் தெரிகிறது. இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் இவர் வாயைத் திறந்து தண்ணி வேண்டும் என்று கேட்டதுண்டா. முன்பக்கப் பட்டாசலில் ஈசிசேரில் சாய்ந்துகொண்டு தொண்டையைச் செருமுவார். அவ்வளவுதான் உத்தரவு. அவள் அடுப்பில் இருப்பதை இறக்கிவிட்டுச் சொம்போடு ஓட வேண்டும். ஒருநாள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் பிள்ளையைப் பிடுங்கித் தரையில் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். அந்த மனுஷன் இப்போது கையில் டம்ளரோடு நிற்கிறார், முகத்தில் ஒரு பாவமும் கருணையும், அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. உங்க கருணையை அந்தச் செருமலுக்கு முன்னால் காட்டியிருக்கக் கூடாதா. எழுந்து உட்கார்ந்தாள். தலை ஒரு பக்கம் போயிற்று, கட்டில் ஒரு பக்கம் போயிற்று. வாந்திக்குக் கொடுத்த மாத்திரையை வாயில் போட்டு, டம்ளரை வாங்கித் தலையை அண்ணாந்து, கையை உயர்த்தி, வாய்க்குள் ஊற்றினாள். முதல் மடக்கு போயிற்று, இரண்டாவது போயிற்று, மூன்றாவதோடு ஒரு குடம் காற்றும் சேர்ந்து போயிற்று, அது உள்ளே போய் நின்று யோசித்தது, பிறகு எல்லாம் கிளம்பி வந்துவிட்டது. பேசின், பேசின் என்று அவர் பதறுவதற்குள் பாதி புடவையில். "மாத்திரையும் போயிட்டே" என்றார் குற்றாலிங்கம், என்னவோ அவர் பாட்டன் சொத்து போன மாதிரி. ஓங்கரிப்பு நிற்கவில்லை, உள்ளே ஒன்றும் இல்லாதபோதும் வயிறு தன்னைத் தானே பிழிந்துகொண்டது. அவர் பேசினை எடுத்துக்கொண்டு போனார், திரும்பி வந்து டம்ளரை மறுபடி நிரப்பி வைத்தார்.

அண்ணாந்து குடிப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. அதையும் சொல்லத்தான் வேண்டும். கல்யாண வீட்டில் பட்டுப்புடவை கட்டிய பெண்டுகள் எல்லாம் கழுத்திலும் மாரிலும் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு நிற்கும்போது ஆவுடை ஒரு செம்புத் தண்ணீரை ஒரு பொட்டுச் சிந்தாமல், உதட்டிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, கண்ணைக்கூட மூடாமல் குடித்து முடிப்பாள். ஓடுகிற பஸ்ஸில் குடிப்பாள். அவளுக்கு என்று இருந்தது அந்த ஒரு வித்தைதான். பாட்டா தெரியும், கோலமா தெரியும், அதிகம் படித்தாளா, ஒன்றும் இல்லை, தண்ணீர் குடிக்கத் தெரியும். பிறந்த வீட்டிலிருந்து அதை அவள் கொண்டுவரவில்லை. கடையத்தில் அப்பா காப்பியை உறிஞ்சி உறிஞ்சித்தான் குடிப்பார், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. இந்த வீட்டுக்கு வந்த மறுநாள், சித்திரை வெயில், கூட்டத்தில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தொண்டை வறண்டு அடுக்களைக்குள் போய்ச் சொம்பில் மொண்டு வாயை வைத்துக் குடித்துவிட்டாள். திரும்பினால் நிலைப்படியில் மதினி. வீட்டுக்காரரின் அக்கா, பிரமு அம்மாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையே. நிதானமாக வந்து சொம்பை வாங்கிப் பாத்திரம் கழுவுகிற அங்கணத்தில் கவிழ்த்தாள், பானைத் தண்ணீரை அவ்வளவையும் கவிழ்த்தாள், குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்தாள், புளியும் சாம்பலும் போட்டு எல்லாவற்றையும் துலக்கினாள், பட்டாசலில் உட்கார்ந்திருந்த அத்தனை சனத்துக்கும் கேட்கிற மாதிரி, "எச்சிப் பண்ணிட்டா, புதுசுல்லா, தெரியாது" என்றாள். அந்தத் தெரியாது என்ற சொல்லை அவள் சொன்ன விதம் இருக்கிறதே. அன்றைக்கு ராத்திரியே ஆவுடை புறவாசலில் நின்று பழகினாள். மூக்கில் ஏறிற்று, இருமினாள், ரவிக்கை நனைந்தது, விடவில்லை. மாசம் முடியுமுன் மதினியைவிட உயரத்தில் ஊற்றிக் குடித்தாள். பிறகு பெற்ற மகளுக்கும் முதுகில் இரண்டு வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அந்த மகள் இப்போது பெங்களூரில் பாட்டிலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு திரிகிறது, போனில் வந்து "அம்மா தண்ணி குடிச்சியா" என்று கேட்கிறது, நீ குடிச்சியா மூதி, ஒரு வாரம் வந்து உட்கார முடியாத உனக்கு என் தண்ணிக்கணக்கு எதுக்கு.

ஆஸ்பத்திரியிலும் அவள் அண்ணாந்துதான் குடித்தாள், அதைப் பார்த்துத்தான் அந்தச் சிஸ்டர் சிரித்தாள், ஜெபசீலி, பல்லெல்லாம் தெரிய. மருந்து ஏற்றுகிற அறையில் வரிசையாக நாற்காலி, வரிசையாகப் பாட்டில், பக்கத்து நாற்காலிக்காரன் கையில் ஊசியோடு சால்னா பார்சலைப் பிரித்துப் பரோட்டாவை முக்கித் தின்கிறான், அவனுக்கு ஓங்கரிக்கவில்லை, அந்த நோய்க்குக்கூட ஓரவஞ்சனை. ஜெபசீலி வந்து, "எம்மா, என்ன இது, சாமிக்கு அபிஷேகம் பண்ணுத மாதிரி ஊத்துதீங்க. காத்துல்லா உள்ள போகுது. வாய வச்சு, உதட்ட நனைச்சு, கொஞ்சூண்டு கொஞ்சூண்டா உள்ள விடுங்க. வச்சுட்டு இருங்க. பொறவு இன்னும் கொஞ்சம்" என்றாள். "எங்க வீட்டுல எச்சிப் பண்ணிக் குடிக்க மாட்டோம்" என்று ஆவுடை சொன்னாள். சொல்லும்போது ஒரு மிடுக்கு வந்தது, தலையில் முடி கிடையாது, புருவம் கிடையாது, மிடுக்கு மட்டும் வந்தது. "அப்பம் எங்க வீட்டு மாதிரி குடிங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். திமிரு பிடிச்சவ. ஆனால் சொன்னது காதில் கிடந்து நச்சரித்தது. முந்தாநாள் அவர் பட்டாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயம் பண்ணிக்கொண்டு டம்ளரை உதட்டில் வைத்தாள். வெட்கமாக இருந்தது, சொன்னால் யார் நம்புவார்கள், ஆஸ்பத்திரியில் எவன் எவனோ பார்க்கத் துணியை அவிழ்த்துவிட்டுக் கரண்டு மிஷினுக்குக் கீழே கிடக்கிறவளுக்கு டம்ளரில் உதடு வைக்க வெட்கம். வைத்தாள். பட்டதும் அந்தச் சுவை வந்தது. மருந்து ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து எவர்சில்வர் நாக்கில் பட்டால் துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி இருக்கிறது, கரண்டி பட்டால், டம்ளர் பட்டால், மோர் வைத்த கிண்ணத்தை முகர்ந்தாலே. தண்ணீர் போகுமுன்னால் இரும்பு போய்விட்டது உள்ளே. அதற்கும் வாந்திதான். வெள்ளி டம்ளரில் ஊற்றிப் பார்த்தாள், அதுவும் இரும்பு. அவர் வாங்கிவந்த பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறது, திறந்தால் அந்த அறையின் வாடை, ஊசி மாட்டுகிற டியூபின் வாடை, அதை அலமாரிக்குள் தூக்கிப் போட்டாகிவிட்டது. பீங்கான் கப்பு, கண்ணாடி டம்ளர் என்று இந்த வீட்டு அடுக்களைக்குள் ஒன்றும் நுழைந்தது கிடையாது, மாமனார் காலத்திலிருந்து அப்படி, அதில் எச்சில் ஒட்டிக்கொள்ளுமாம், துலக்கினாலும் போகாதாம். மகள் ஒரு தடவை பூப்போட்ட கப்பு ஆறு கொண்டுவந்தாள், ஆவுடைதான், அவளேதான், பெட்டி பிரிக்காமல் திருப்பி அனுப்பினாள். நல்லா அனுப்பினேன் போ. இப்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

நடைக்கதவு கிறீச்சிட்டது. "குத்தாலம், இருக்கியா?" பிரமு மதினிதான். அடுத்த தெரு, அறுபத்தெட்டு வயசு, சர்க்கரை கிடையாது, கொதிப்பு கிடையாது, மத்தியானம் ஒரு தூக்கம் போட்டு எழுந்ததும் திருநீற்றைப் பூசிக்கொண்டு ஆவுடை எப்படிக் கிடக்கிறாள் என்று பார்க்க வந்துவிடுகிறாள், தினமும். வரட்டும். உள்ளே வந்து கட்டில் பக்கத்தில் நிற்பாள், "என்னட்டி, தேவலையா" என்பாள், தொட மாட்டாள், மூக்கை லேசாகச் சுளிப்பாள். ஆவுடை கண்ணை மூடிக்கொண்டாள். காலடி வந்தது, நின்றது, மூச்சு விட்டது, திரும்பிப் போயிற்று. "தூங்குதா" என்று பட்டாசலில் போய்ச் சொன்னாள். "மேலு எலும்பா போச்சே. என்னத்தத் தின்னா?" "எங்க தின்னா. தண்ணியே தங்க மாட்டேங்கி. இப்பம்கூட எல்லாத்தையும் கக்கிட்டா." "நாளைக்குக் கூட்டிட்டுப் போகணுமோ?" "காலைல ரத்தம் குடுக்கணும்." ஈசிசேர் முனகியது. பிறகு மதினி குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தினால் கேட்காது என்று நினைப்பு, இந்த வீட்டில் ஆவுடைக்குக் கேட்காத ஒரு சத்தம் உண்டா, அந்தச் செருமல்களைப் பிடித்த காது இது. "நான் சொல்லுதேன்னு கோவிக்காத. அவளப் போட்டு ஏன் இப்பிடி வதைக்க? அந்த மருந்து அவளுக்கு ஒத்துக்கலை, பாத்தாலே தெரியுதுல்லா. நம்ம வீட்டுலயே நிம்மதியா கெடக்கட்டும். வாய்க்குப் பிடிச்சதக் குடுப்போம். வாரது வரட்டும்." ஆவுடை காத்திருந்தாள். இப்போது அவர் சொல்ல வேண்டும். போக்கா, ஒன் வேலையப் பாரு என்று சொல்ல வேண்டும், அது கூட வேண்டாம், இல்லக்கா என்று ஒரு வார்த்தை. மின்விசிறி சுற்றுகிற சத்தம். எதிர்வீட்டில் வாணலியைக் கழுவுகிற சத்தம். சொல்லுங்களேன். வாயில் என்ன கொழுக்கட்டையா. அவர் தொண்டையைச் செருமினார். "நாளைக்கு ரத்தத்தப் பாப்போம்" என்றார், "சரியில்லேன்னா, பொறவு நீ சொல்லுத மாதிரி..." அந்த மாதிரி என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டார். நிறுத்தியதும் மதினி கேட்டாள். "அந்தக் கங்கைச் சொம்ப எங்க வச்சிருக்க?" "பூசை அலமாரியிலதான். ஏன்?" "சும்மாதான் கேட்டேன். எடுக்கிற இடத்துல இருக்கணும்லா."

சும்மாதான் கேட்டாளாம். மதினி காசிக்குப் போய்விட்டு வந்தபோது முதல் சொம்பைக் கொண்டுவந்தாள், ஒரு சாண் உயரம், செம்பு, வாயை ஈயத்தால் அடைத்திருக்கும். சாகிறவர்கள் வாயில் ஊற்றுவதற்கு. மாமனாருக்கு ஊற்றினார்கள். அவள் பார்த்தாளே, இதே கட்டில்தானே, இதே சுவர்ப்பக்கம்தானே தலை. மனுஷனுக்கு அப்போது நினைவு இருந்தது, கண் சுற்றிச் சுற்றி வந்தது, யாரோ எவ்வளவு சொல்லியும் கேட்காமல் மதினி அந்த ஈயத்தை ஆணியால் குத்தித் திறந்து ஸ்பூனில் எடுத்து வாய்க்குள் விட்டாள், "அப்பா, கங்கைப்பா, முழுங்குங்கப்பா" என்று. அவர் முழுங்கவில்லை. தொண்டையில் நின்று களகளவென்று சத்தம் வந்தது, கன்னத்து வழியாகத் தலையணையில் வழிந்தது, மதினி விடாமல் இன்னொரு ஸ்பூன் விட்டாள், பிறகு ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு ஊற்றச் சொன்னாள், ஆவுடையும்தான் ஊற்றினாள், எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே. உதட்டில் படாமல் ஊற்றினாள். அந்தக் கண் அவளைப் பார்த்தது. வேண்டாம் என்று பார்த்ததா, இன்னும் கொடு என்று பார்த்ததா, இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. அவருக்குப் பிறகு மதினி புதுச்சொம்பு ஒன்று யாரிடமோ சொல்லி வரவழைத்து வைத்தாள். இந்த வீட்டில் அடுத்து யார் என்று அப்போது யாருக்குத் தெரியும். இப்போது தெரிந்துவிட்டது. எடுக்கிற இடத்தில் இருக்க வேண்டுமாம். ஏன் மதினி, நீ என் வாயில் ஊற்றுவாய், நான் தொண்டை களகளக்கக் கிடப்பேன், வழிவதை உன் முந்தானையால் துடைத்துவிட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுவாய், என்ன. இவரும் வரிசையில் நின்று ஒரு ஸ்பூன் ஊற்றுவார். அளவாக ஊற்றுவார், மண்ணெண்ணெய்க் கை. பயம் வந்தது. அதுவரைக்கும் கோபம்தான் இருந்தது, எல்லாரையும் பிடித்துத் தின்றுவிடலாம் என்ற கோபம், அதற்கு நடுவில் பயம் வந்து அடிவயிற்றில் உட்கார்ந்தது, கட்டி இருக்கிற அதே இடத்தில். சாகப்பிடாது. அம்மா, நான் சாகப்பிடாது. இதை இதுவரைக்கும் யாரிடமும் அவள் சொன்னதில்லை, டாக்டரிடம் சொன்னதில்லை, சாமியிடம்கூட ஏதோ நல்லது பண்ணு என்று பொதுவாகத்தான் சொல்லிவைத்தாள். எதுக்கு இருக்கணும் என்று கேட்டால் பதில் கிடையாது. பேரன் பேத்தி கல்யாணமா, காசியா, ஒன்றும் இல்லை. இருக்கணும். மதினிக்கு முன்னால் போகப்பிடாது. அது போதாதா ஒரு காரணம்.

எழுந்தாள். காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று தடவிப் பார்த்து நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், அடுக்களைக்குப் போகிற வழி, இரும்பு இல்லாமல் எதில் குடிப்பது, இரும்பு இல்லாமல் எதில், தேங்காய்ச் சிரட்டையிலா, உள்ளங்கையிலா, கை முழுக்க டெட்டாலும் பிளாஸ்திரியும் நாறுகிறது. வாழையிலையைத் தொன்னை பிடித்தால் என்ன, இலை எங்கே இருக்கிறது. அடுக்களை அலமாரி முழுக்க மின்னிக்கொண்டு நிற்கிறது, சீர் கொடுத்த பாத்திரம், பெயர் வெட்டின பாத்திரம், அவ்வளவும் இரும்பாய் நாக்குக்குள் வந்து குதிக்கிறது. வாயில் எச்சில் ஊறியது, அது வாந்திக்கு முந்தின எச்சில். புறவாசல் பக்கம் போய் மூச்சு வாங்கினாள். அங்கணத்துக்கு வெளியே சுவரில் ஒரு மாடம். அதில் கவிழ்த்துவைத்திருந்தது ஒரு கண்ணாடிக் கிளாசு. டீக்கடைக் கிளாசு, வரிவரியாகக் கோடு போட்டது. பாத்திரம் துலக்க வருகிற பேச்சி தண்ணீர் கேட்டால், காப்பி கேட்டால், அதில்தான். அவளே எடுத்து நீட்டுவாள், ஆவுடை சொம்பை உயர்த்தி ஊற்றுவாள், குடித்துவிட்டு அவளே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். அந்தக் கிளாசை இந்த வீட்டு ஆள் யாரும் தொட்டது கிடையாது. தூசி தட்டக்கூடத் தொட்டது கிடையாது. ஆவுடை அதைப் பார்த்தாள். கண்ணாடி. மோந்து பார்த்தால் ஒரு வாடையும் இருக்காது. மோந்து பார்க்கிறதாம், அதை, நான். கை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள். பேச்சியின் வெற்றிலை வாய் ஞாபகம் வந்தது. கருத்த உதடு, இரண்டு பல் கிடையாது, குடித்து முடித்ததும் ஆ என்று ஒரு சத்தம் விடுவாள். ஓங்கரித்தாள், ஒன்றும் வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. பட்டாசலில் பூசை அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கொக்கி கழலுகிறது. எடுத்தே பார்க்கிறாளா. அட பாவி.

கிளாசை எடுத்தாள். குழாயில் கழுவினாள், சோப்புப் போட்டுக் கழுவினாள், திரும்பவும் கழுவினாள். எடுத்துக்கொண்டு அடுக்களை வாசலுக்கு வந்தபோது மதினி எதிரே வந்துவிட்டாள், பின்னால் அவர். "எந்திரிச்சுட்டியாட்டி, கூப்பிட்டிருக்கலாம்லா" என்றவள் கையைப் பார்த்தாள். "ஏட்டி, அது என்ன கைல? அது அந்தப் பேச்சி குடிக்கதுல்லா!" "ஆமா." "கோட்டி பிடிச்சுட்டா ஒனக்கு? கீழ போடு." "தண்ணி குடிக்கப் போறேன்." "அதுலயா? வீட்டுல பாத்திரத்துக்கா பஞ்சம்? அதத் தூக்கிட்டு அடுக்களைக்குள்ள காலெடுத்து வைக்கப்பிடாது, சொல்லிட்டேன்." கதவு நிலையில் கையை நீட்டி மறித்துக்கொண்டு நின்றாள், சித்திரை வெயிலில் நின்ற அதே நிலைப்படி, அதே திருநீறு. ஆவுடைக்கு நிற்கத் தெம்பில்லை. அங்கணத்துத் திட்டில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்துகொண்டு அவரைப் பார்த்தாள். "நீங்க ஊத்துங்க." குற்றாலிங்கம் அக்காவைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், மேலே உத்தரத்தைப் பார்த்தார், உத்தரம் ஒன்றும் சொல்லவில்லை. "ஏளா, அது எதுக்கு இப்பம், நான் வேற டம்ளர்..." "எல்லாம் இரும்பா நாறுது. இது நாறாது. தண்ணி தங்கலேன்னா நாளைக்கு மருந்து கெடையாது, மருந்து இல்லேன்னா பொறவு ஒங்கக்கா சொல்லுத மாதிரி. அப்பிடித்தான சொன்னீங்க? காது நல்லாத்தான் கேக்கு எனக்கு. ஊத்துதீங்களா, நான் தெருக்குழாய்ல போய்ப் பிடிச்சுக் குடிக்கட்டுமா? இந்த மொட்டத்தலையோட?" அவருக்கு முகம் செத்துவிட்டது. நல்லா சாகட்டும். அடுக்களைக்குள் திரும்பிப் போனார், மண்பானையில் சொம்பை முக்கி எடுத்துக்கொண்டு, அக்காவின் கைக்குக் கீழே குனிந்து வெளியே வந்தார். ஆவுடை கிளாசை நீட்டினாள். அவர் ஊற்றினார். சொம்பை மார் உயரத்துக்குத் தூக்கி, சொம்பு கிளாசில் பட்டுவிடாமல், எட்ட நின்று ஊற்றினார். தெரிந்து செய்யவில்லை, அந்தக் கிளாசுக்கு இந்த வீட்டில் யாரும் அப்படித்தான் ஊற்றுவார்கள், கை தானாக உயர்ந்துவிட்டது. தண்ணீர் அவள் மணிக்கட்டில் தெறித்தது, ஊசி குத்தின இடத்தில் சில்லென்று பட்டது. இப்படித்தான் இருக்குமா, கீழே உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருந்தால். "எறக்கி ஊத்துங்க" என்றாள். அவர் கேட்காத மாதிரி நின்றார். "எறக்கி ஊத்துங்கன்னேன். நான் ஒங்க பெண்டாட்டி." சொம்பு இறங்கியது.

உதட்டில் வைத்தாள். அண்ணாந்து ஊற்றவில்லை. உதடு நனைந்தது. நாக்கின் நுனிக்கு வந்து நின்றது, இரும்பு வரப்போகிறது என்று நாக்கு காத்திருந்தது, வரவில்லை. தண்ணீர் தண்ணீராக இருந்தது. குளிர்ச்சி, ஒரு ருசியும் இல்லை, அந்த ருசி இல்லாததுதான் எத்தனை நாளாக அவள் தேடிக்கொண்டிருந்தது. உள்ளே விட்டாள். கொஞ்சூண்டு. இருந்தாள். வயிறு என்ன சொல்லப்போகிறது. மதினி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், அப்பா இருந்தால் இது நடக்குமா, குலம் என்ன, கோத்திரம் என்ன, அதெல்லாம் எங்கோ அடுத்த வீட்டு ரேடியோவில் ஓடுகிற மாதிரி ஓடியது. வயிறு முனகியது, புரண்டது, படுத்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம். கண்ணாடி பல்லில் பட்டு டிக் என்றது. அடிக் கழுதை பேச்சி, இத்தனை வருஷமாக இதிலா குடித்தாய், இவ்வளவு நல்ல தண்ணீரையா, ஆ என்று ஒரு சத்தம் விட்டுக்கொண்டு, நான் மேலே நின்று ஊற்ற ஊற்ற நீ கீழே உட்கார்ந்து இதையா அனுபவித்துக்கொண்டிருந்தாய், ஒரு வார்த்தை சொன்னாயா. ஆவுடைக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. எரிந்தாலும் தண்ணீரை அது வெளியே தள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் உறிஞ்சினாள், கடையத்து அப்பா மாதிரி சத்தம் போட்டு உறிஞ்சினாள், மதினிக்கு நன்றாகக் கேட்கட்டும் என்றே உறிஞ்சினாள். கிளாசு பாதியாயிற்று. அவர் சொம்போடு குனிந்தபடியே நின்றார், மட்டத்தைத்தான் பார்க்கிறார், பார்த்துவிட்டுப் போகட்டும். பிரமு அம்மாள் நிலையிலிருந்து கையை எடுத்தாள். முந்தானையை இழுத்துச் சொருகினாள். "கேட்டுக்க குத்தாலம், நீயும் கேட்டுக்கட்டி. இனி இந்த வீட்டுல நான் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன். ஒரு சொட்டு குடிக்க மாட்டேன்." ஆவுடை வாயில் இருந்ததை முழுங்கினாள். அது போய்ச் சேருகிற வரைக்கும் பொறுத்திருந்தாள், சேர்ந்தது, தங்கியது. பிறகு கிளாசை அவர் பக்கம் நீட்டிக்கொண்டே சொன்னாள், "நீங்க குடிக்காண்டாம் மதினி. பானையில இருக்க அவ்வளவு தண்ணியும் எனக்கு வேணும்."